மருத்துவர்களுக்கு ஏன் எழுதத் தோன்றுகிறது? எழுத நினைப்பவர் எப்படித் தொடங்கலாம்?

நோயாளியைப் பற்றி மருத்துவர் குறிக்கும் கேஸ் ஷீட்டில் இடம் கிடைக்காததை எழுதி வைப்பதுதான் மருத்துவர் எழுத்து. ஏற்காட்டில் காபி பறிக்கும் ஓர் அம்மா 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வையுங்கள். 'மூன்று நாள் காய்ச்சல், இருமல்' என்று குறித்துக்கொள்வோம். கூலி போய்விடுமே என்று அந்த மூன்று நாளும் அவர் தோட்டத்துக்குப் போனதைக் குறிக்க அதில் கட்டம் கிடையாது. அது மனதிலேயே தங்கிவிடுகிறது. எழுதத் தூண்டுவது அதுதான். 1884இல் மருத்துவப் பட்டம் பெற்ற ரஷ்ய எழுத்தாளர் செகாவும் எழுத்தை விடவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி ஆலை தெரியும். மரவள்ளிக் கிழங்குப் பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படியும். அப்புறம்தான் மேல்தண்ணீரை வடிப்பார்கள். எழுத்தும் அப்படித்தான். அன்று இரவே நாலு வரி குறித்து வையுங்கள், சரி. கதையாக்க மட்டும் அவசரப்படாதீர்கள். எழுதும்போது எளிய சொல்லையே எடுங்கள்: 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' வேண்டாம், மாரடைப்பு போதும்.

நோயாளியின் பெயரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. வயது, தொழில், நோய் மூன்றும் சேர்ந்தாலே மலைக்கிராமத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவரிடமே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள்.