மணி அடித்தால் அலறுகிறான், எழுதச் சொன்னால் ஒளிகிறான்

கேள்வி: அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஆட்டிசம் உள்ள ஒரு மாணவன், மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறான். எழுதச் சொன்னால் மேசைக்கு அடியில் போய்விடுகிறான். மற்ற 31 பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில்: மேசையடியிலிருந்து தொடங்குவோம். பத்து நாளைக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று மூன்று வரி எழுதினால் போதும். மூன்றாவது வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அவன் கீழே போனதும் எழுத்து வேலையை எடுத்து வைத்துவிட்டீர்கள் என்றால், எழுதாமல் தப்பிக்க அதுவே வழி என்று அவன் கற்றுக்கொள்கிறான்.

அவனுக்கு வேறு வழி கொடுங்கள். சீட்டுக்கட்டு அளவில் ஓர் அட்டை, அதில் ஒரு படமும் ‘போதும்’ என்ற சொல்லும். அவன் அமைதியாக இருக்கும்போது பழக்குங்கள்: அட்டையை உங்கள் கையில் கொடுத்தால் உடனே 2 நிமிட ஓய்வு, பிறகு அதே வேலைக்குத் திரும்புதல். முதல் வாரம் எத்தனை தடவை நீட்டினாலும் மறுக்காதீர்கள். ‘இப்பத்தானே கேட்டே’ என்று ஒருமுறை தட்டிக்கழித்தாலும் அட்டையில் நம்பிக்கை போய், பழையபடி மேசையடிக்கே போவான். அது பழகியபின், ‘இன்னும் ஒரு சொல், அப்புறம் போதும்’ என்று வேலை நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். எழுதும் விரல்களுக்கு வலு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பென்சில் பிடிப்பதே சிரமம் என்றால், எழுத்து அட்டைகளை அடுக்கிச் சொல் அமைத்தாலும் அவன் படித்ததாகத்தான் கணக்கு.

கேள்வியைத் திருப்பிச் சொல்வது குறும்பு இல்லை, கேலியும் இல்லை. கேட்டது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, பதில் சொல்ல சொற்கள் கிடைக்கவில்லை. மனதுக்குள் 10 எண்ணும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு வேறு வார்த்தையில் கேட்டால், அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பிறகு பதிலை அவன் வாயில் வரவேண்டிய வடிவத்திலேயே எடுத்துக் கொடுங்கள்: ‘எனக்குத் தண்ணி வேணும்.’ ‘உனக்குத் தண்ணி வேணுமா?’ என்றால் அதையே திருப்பிச் சொல்வான். தண்ணீர் கேட்க அவனுக்கு அட்டை செய்தால் அதிலும் ‘நீர்’ வேண்டாம். வீட்டில் ‘தண்ணி’ என்றால் அதையே எழுதுங்கள். பேச்சுத்தமிழும் பாடத்தமிழும் வேறு வேறாக இருப்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் சுமை.

கட்டளையை நேராகச் சொல்லுங்கள். ‘புத்தகத்தை எடுக்கிறியா?’ என்பது அவனுக்குக் கேள்வி மட்டுமே. ‘புத்தகத்தை எடு’ என்பது புரியும். ‘ஓடாதே’ என்பதைவிட ‘மெதுவா நட’ நல்லது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்தாதீர்கள். பார்ப்பதும் கேட்பதும் ஒரே நேரத்தில் பலருக்கு முடியாது.

மணிக்கு வருவோம். சிலருக்கு அந்தச் சத்தம் உண்மையாகவே வலிக்கும். அவன் உட்காரும் இடத்தை மணியிலிருந்து தள்ளிப் போடுங்கள். 2 நிமிடம் முன்பே மணிப் படத்தைக் காட்டி, காது மூடியை மாட்டச் சொல்லுங்கள். நாள் முழுக்க மாட்டிவைத்தால் சாதாரணச் சத்தமும் தாங்காமல் போகலாம், மணி அடிக்கும் நேரத்துக்கு மட்டும் போதும். அடுத்து என்ன என்று தெரியாததும் பயத்தைக் கூட்டும். அன்றைய வேலைகளை 4, 5 படங்களாக ஒட்டி, முடிந்ததை அவனே கழற்றிப் பெட்டியில் போடட்டும். சுவரில் ஒட்டிவிட்டு மறந்துவிட்டால் அது வெறும் அலங்காரம்.

அதையும் மீறி அலறினால் அறிவுரை வேண்டாம். பேச்சைக் குறைத்து, மற்ற பிள்ளைகளை நகர்த்தி, அமைதியான மூலைக்கு வழிவிடுங்கள். அவனுக்கோ மற்றவர்க்கோ அடிபடும் என்றால் ஒழிய கட்டிப் பிடிக்க வேண்டாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. பாடத்திலும் தேர்விலும் கூடுதல் நேரம், எழுதித்தர உதவியாளர் போன்ற மாற்றங்களை அது ஏற்கிறது. வட்டார வளமையத்தின் சிறப்பாசிரியர் வரும்போது, ‘பையன் ரொம்பப் படுத்துகிறான்’ என்று மட்டும் சொல்லாமல் அந்தப் பத்து நாள் நோட்டைக் கையில் கொடுங்கள்.