ஐப்பசி மழையில் மலையிறக்கம்: நடுவில் ஓடை, கூடவே குளிர்நடுக்கம்

போன தடவை கடைசி நாள் இறங்கும்போது நண்பர் நடுங்கி உட்கார்ந்துவிட்டார், வழியில் ஓடையும் பெருகியிருந்தது, இந்த மாதம் மறுபடி போகிறோம், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடுக்கம் தொடங்கியதுமே நிறுத்துங்கள். ஈரப் பருத்திச் சட்டையைக் கழற்றிக் காய்ந்த துணி, மேலே மழைக்கோட்டு. சர்க்கரை தூக்கலாகச் சூடான டீ, கடலைமிட்டாய். பேச்சு குழறினாலோ, உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றாலோ நடக்க விடக் கூடாது. டெண்ட்டுக்குள் தூக்கப்பையில் கிடத்திவிட்டு உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஐப்பசி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கொட்டும். விடிந்ததும் கிளம்பி, காலையிலேயே ஓடையைத் தாண்டிவிடுங்கள். தண்ணீர் கலங்கி, குச்சியும் சருகும் அடித்து வந்தால் இறங்கவே வேண்டாம். மழை விட்டால் சிற்றோடைகள் சில மணி நேரத்தில் வடியும். கடக்கும்போது ஷூவைக் கழற்றாதீர்கள். பையின் இடுப்புப் பட்டி, மார்புப் பட்டி இரண்டையும் அவிழ்த்துவிடுங்கள்: விழுந்தால் மாட்டிய பை ஆளை நீருக்குள் அமுக்கிவிடும். உடம்பில் கயிறு கட்டிக்கொள்வதும் அதே ஆபத்துதான்.

ஈர டெண்ட் பைக்கு வெளியே இருக்கட்டும். இறக்கத்தில் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கினால் விரல் நுனி ஷூவில் இடிக்காது. காலில் ஒட்டிய அட்டைப்பூச்சியை நகத்தால் வழித்து எடுங்கள்.