குகையில் இருந்தது யார்?

கேள்வி: "ராஜராஜ சோழன் மறைந்த 1014ஆம் ஆண்டில் ஐரோப்பியர்கள் குகைகளில் வாழ்ந்தார்கள். உலகில் வேறெங்கும் அரசும் கிடையாது, அறிவும் கிடையாது" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. படிக்கவே பெருமையாக இருக்கிறது. உங்கள் இதழிலும் போடலாமே?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: போட்டாயிற்று, உங்கள் கேள்வியாகவே. இனி அந்தக் குகைவாசிகளைப் பார்ப்போம்.

1014 பிப்ரவரி 3. இங்கிலாந்தைப் பிடித்து ஐந்தாறு வாரம்கூட ஆகாத டென்மார்க் மன்னன் ஸ்வெய்ன் இறந்துபோகிறான். நார்மண்டிக்கு ஓடிப்போயிருந்த பழைய மன்னன் எத்தல்ரெட்டுக்கு ஆங்கிலேயப் பிரபுக்கள் ஆள் அனுப்புகிறார்கள். திரும்பி வரலாம், ஆனால் முன்பு ஆண்ட லட்சணத்தில் ஆளக் கூடாது என்பது நிபந்தனை. குறைகளைச் சரிசெய்கிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. குகையில் உட்கார்ந்துகொண்டு மன்னனிடம் இப்படிப் பேரம் பேச முடியுமா?

ஏப்ரல் 23, பெரிய வெள்ளி. அயர்லாந்தில் டப்ளின் அருகே குளோன்டார்ஃப் போர். ஐரிஷ் மன்னன் பிரையன் போருவின் படை வென்றது. அவனும் மகனும் பேரனும் அதே நாளில் மாண்டார்கள். வடக்கிலிருந்து கடல் வழியே வந்த வைக்கிங் அந்நியரை விரட்டிய போர் என்று இதை அங்கே நெடுங்காலம் கொண்டாடினார்கள். லென்ஸ்டர் பகுதி ஐரிஷ்காரர்கள் வைக்கிங்குகளோடு சேர்ந்து பிரையனை எதிர்த்ததைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். ஃபார்வர்டு செய்யும் மாமாக்கள் நமக்கு மட்டும் வாய்த்தவர்கள் இல்லை.

ஜூலை 29இல் நடந்தது கொடூரம். பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசன் இரண்டாம் பாசில், க்ளெய்டியோன் கணவாயில் பல்கேரியப் படையைப் பின்பக்கமாக மலையைச் சுற்றி வந்து முறியடித்தான். கைதிகளின் கண்களைப் பிடுங்கி, நூறு பேருக்கு ஒருவனை மட்டும் ஒற்றைக் கண்ணோடு விட்டு, அவன் வழிகாட்ட மற்றவர்களை ஊருக்கு அனுப்பினானாம். கைதிகள் 15,000 பேர் என்கிறார் பிற்கால வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்சஸ். அந்தக் கணக்கை இன்று பலர் நம்புவதில்லை. வந்து நின்றவர்களைப் பார்த்து மயங்கி விழுந்த பல்கேரிய மன்னன் சாமுவேல் அக்டோபர் 6இல் உயிர்விட்டான் என்பது கதை. இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் செய்தவன் கான்ஸ்டான்டிநோபிள் என்ற மாநகரத்திலிருந்து ஆண்டவன்.

அதே காலத்தில் கெய்ரோவில் இப்னு அல்-ஹைதம் அந்தக் கண்ணைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். பார்வை கண்ணிலிருந்து புறப்படுவதில்லை, பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணில் சேர்கிறது என்று விளக்கியவர் அவர். மத்திய ஆசியாவில் குவாரஸ்மில் இருந்த அறிஞர் அல்-பிரூனிக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஈரானிய மண்ணில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த மருத்துவர் இப்னு சீனாவுக்கு முப்பத்து நாலு இருக்கும். "அறிவு கிடையாது" என்ற வரியை இவர்கள் மூவரில் யாருக்கு முதலில் அனுப்பலாம்?

கிழக்கே வாருங்கள். சீனாவில் சாங் பேரரசன் செங்சோங், இரண்டாண்டுகளுக்கு முன்புதான், வறட்சி கண்ட மாகாணங்களுக்குச் சம்பா விதைநெல் அனுப்பி விளைவிக்கச் சொல்லியிருந்தான். சம்பா என்றதும் நம் சம்பா என்று அடுத்த ஃபார்வர்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். இது இன்றைய வியட்நாம் பக்கத்தில் இருந்த நாட்டின் பெயர். குறைந்த தண்ணீரில், குறைந்த நாளில் விளையும் நெல் அது. பின்னாளில் சீனாவில் ஜனம் பெருகியதில் அதற்கும் பங்கு உண்டு.

தஞ்சைக்கு வருவோம். அங்கே யாரும் 1014 என்று எண்ணவில்லை. ராஜராஜனின் யாண்டு 29 அது, அதாவது அவன் ஆட்சியின் 29ஆம் ஆண்டு. பெரிய கோயிலுக்குக் கலசம் வைத்து நாலாண்டு. ராஜேந்திரன் 1012இலேயே இளவரசுப் பட்டம் கட்டிக்கொண்டு கூட ஆண்டவன். இலங்கையில் வடக்கு சோழர் கையில். தெற்கே உரோகணத்தில் ஒதுங்கியிருந்த ஐந்தாம் மகிந்தன் பிடிபட இன்னும் மூன்றாண்டு இருந்தது.

உங்கள் குழுவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. உலகில் வேறெங்கும் அரசே இல்லை என்றால், ராஜராஜன் முத்தும் யானைத் தந்தமும் கொடுத்துச் சீனாவுக்குத் தூது அனுப்பியது எதற்கு? 52 பேர் போனார்கள். வழியில் காற்றுக்குக் காத்து, துறை துறையாக நின்று, போய்ச் சேர 1150 நாள் ஆனதாகச் சீன வரலாற்று நூல் சொல்கிறது. அப்படியானால் 1014 முழுக்க அவர்கள் வழியில்தான் இருந்திருக்கிறார்கள். 1015இல் பேரரசன் முன் முத்துகளை வைத்தபோது, அனுப்பிய மன்னன் பெயரை "லோ-சா-லோ-சா" என்று அந்த நாட்டு எழுத்தர்கள் குறித்துக்கொண்டார்கள். தஞ்சையில் அதற்குள் ராஜேந்திரனின் யாண்டு ஓடிக்கொண்டிருந்தது.