கவுண்ட் கம்மின்னு சொல்லிட்டாங்க... இனி என்ன செய்ய?

வாசகர் கேள்வி பதில்: ஆண்களின் குழந்தையின்மை

கல்யாணமாகி மூணு வருஷம். எனக்கு ஸ்கேன், ரத்த டெஸ்ட், கருக்குழாய்ப் படம் எல்லாம் எடுத்தாச்சு. ஒரு குறையும் இல்லை. போன மாசம்தான் எங்க வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை எடுத்தாங்க. மில்லிக்கு 90 லட்சம் அணு, ஓட்டம் 28 சதவீதம்னு வந்திருக்கு. அதுக்கு முந்தின மாசம் அவுக டெங்கு வந்து படுத்திருந்தாங்க. இனி டெஸ்ட் டியூப் பேபிதானா?
— பெயர் வேண்டாம், முக்கூடல்

இல்லை. இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் போகாதீர்கள்.

முதலில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஊசியில்லை, வலியில்லை, சில நூறு ரூபாய்தான் செலவு; அப்படிப்பட்ட டெஸ்ட் உங்கள் கணவருக்குத்தான் முதலில் நடந்திருக்க வேண்டும். கருக்குழாயில் மருந்து ஏற்றிப் படம் பிடிக்கிற வலியை நீங்கள் பட்ட பிறகு அதைக் கேட்டிருக்கிறார்கள். நம் பக்கத்து வீடுகளில் இன்னமும் மருமகளைத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இது மாற வேண்டும்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். முதிர்ந்து வெளியே வர இன்னும் 10 முதல் 14 நாள். ஆக, இன்று வருகிற அணு மூன்று மாதத்துக்கு முன் தொடங்கியது. டெங்கு போன்ற கடுங்காய்ச்சல் இந்த உற்பத்தியையே அடித்துப் போட்டுவிடும். அதன் பாதிப்பு அடுத்த இரண்டு, மூன்று மாத ரிப்போர்ட்டில் தெரியும். காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள்.

எடுக்கும்போது பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக விந்து வெளியேறி 2 முதல் 7 நாள் இடைவெளி இருக்க வேண்டும். லேப் தரும் டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். சோப்பு, எண்ணெய், எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது டப்பாவுக்கு வெளியே சிந்தினால் ரிப்போர்ட்டே தப்பாகிவிடும். வெட்கப்படாமல் லேபில் சொல்லிவிட வேண்டும். 30 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சோதனை தொடங்க வேண்டும். முக்கூடலில் எடுத்து, டப்பாவைப் பைக் பெட்டிக்குள் வெயிலில் வைத்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குக் கொண்டு போனால் ஓட்டம் குறையத்தான் செய்யும். லேபிலேயே எடுப்பது நல்லது. முடியாவிட்டால் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டு போங்கள், ஐஸ் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், ஓட்டம் 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் இருந்த இடத்தில் போட்ட கோடு அது. அதற்குக் கீழே இருந்தும் தகப்பனானவர்கள் இருக்கிறார்கள். தனித்தனி எண்ணைவிட ஓடும் அணுக்களின் மொத்தக் கணக்குதான் சிகிச்சையை முடிவு செய்யும். உங்கள் கணவருக்கு 2.5 மில்லி வந்திருந்தால் 2.5 × 90 லட்சம் × 28 சதவீதம் = 63 லட்சம். லேபில் விந்தைக் கழுவி, ஓடும் அணுக்களைப் பிரித்த பிறகு 50 லட்சம் அளவில் கையில் நின்றால் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. செய்து பார்க்கலாம். அதை 3, 4 முறைக்கு மேல் நீட்டிப்பதில் பலன் குறைவு. 10 லட்சத்துக்கும் கீழே என்றால் ஒற்றை அணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸிதான் வழி.

அல்வா பட்டறையில் அடுப்படி வேலை. இடது விதைப்பையில் நரம்பு புடைச்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்ங்கிறாங்க. பண்ணலாமா?
— வாசகர், திருநெல்வேலி டவுண்

வெரிகோசீல் இது. புடைத்திருப்பது நரம்பல்ல, ரத்தக் குழாய். இடது விதையின் ரத்தக் குழாய் நேராகச் சிறுநீரகத்தின் ரத்தக் குழாயில் போய்ச் செங்குத்தாகச் சேர்கிறது. அதனால் அந்தப் பக்கம்தான் ரத்தம் எளிதில் தேங்கும். தேங்கிய ரத்தம் சூட்டைக் கூட்டும். விதைகளுக்கோ உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சி வேண்டும். அதில் அடுப்பின் அனலும் சேர்ந்தால் இரட்டைச் சுமை.

நின்றபடி தொட்டால் மண்புழுக்களைப் பையில் போட்டது போல் கைக்குத் தட்டுப்பட வேண்டும். விந்துப் பரிசோதனையிலும் குறை இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் ஆபரேஷன் பலன் தரும். ஸ்கேனில் மட்டும் தெரிகிற புடைப்புக்குக் கத்தி வேண்டாம். மைக்ராஸ்கோப் வைத்து, அடிவயிற்றின் கீழ் 2, 3 செ.மீ. வெட்டிச் செய்யும் முறையைக் கேளுங்கள். அதில் தமனியும் நிணநீர்க் குழாய்களும் தப்பும். நிணநீர்க் குழாயைச் சேர்த்துக் கட்டிவிட்டால் பிறகு ஓதம் வரும். இரண்டு, மூன்று வாரம் அண்டா தூக்கக் கூடாது. 3-ஆம் மாதமும் 6-ஆம் மாதமும் விந்துப் பரிசோதனை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரக அறுவைப் பிரிவில் முதலில் காட்டுங்கள்.

உங்கள் மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் இந்த ஆறு மாதக் காத்திருப்பு சரிதானா என்று மகப்பேறு மருத்துவரிடமும் கேட்க வேண்டும். வலது பக்கம் மட்டும் திடீரென்று புடைத்தாலோ, படுத்தாலும் வடியாவிட்டாலோ வயிற்று ஸ்கேன் கட்டாயம்.

அணுக்களே இல்லை, ஜீரோ என்கிறார்கள். வயது 31. ஜிம்மில் இரண்டு வருடம் ஊசி போட்டிருக்கிறேன். வழி உண்டா?
— வாசகர், வள்ளியூர்

உண்டு. அதற்கு ஜீரோ ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். விந்தை மெஷினில் சுழற்றிப் படிய வைத்த மாதிரியிலும் இல்லையா என்று இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பிறகு விதையின் அளவு, எஃப்.எஸ்.ஹெச். (விதையைத் தூண்ட மூளையிலிருந்து வரும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் சந்தேகம் அந்த ஊசி மேல்தான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், "போதும்" என்று மூளை தன் சமிக்ஞையை நிறுத்திவிடும்; விதை வேலையை விட்டுவிடும். கவுண்ட் குறைவென்று வருகிறவருக்கே இதே ஊசியை எழுதித் தருவதும் நடக்கிறது; அது கேடு. உடனே மருத்துவரைப் பார்த்து நிறுத்துங்கள். பலருக்கு 6 முதல் 12 மாதத்தில் திரும்பும். சிலருக்கு இரண்டு வருடம் ஆகும். தேவையானால், விதையைத் தூண்டும் ஹெச்.சி.ஜி. ஊசி தருவார்கள். பிறவியிலேயே மூளையின் சமிக்ஞை குறைந்தவர்களுக்கும் ஹெச்.சி.ஜி.யும் எஃப்.எஸ்.ஹெச். ஊசியும்தான் மருந்து. மருந்தாலேயே சரியாகக்கூடிய வகை அது. ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

விதையின் அளவும் ஹார்மோனும் சரியாக இருந்து அணு வராவிட்டால் பெரும்பாலும் அடைப்பாக இருக்கும். ஊசியால் உறிஞ்சி எடுத்து இக்ஸி செய்யலாம். விந்தின் அளவும் மிகக் குறைவாக, அமிலத்தன்மையோடு இருந்தால் விந்துக்குழாயே பிறவியில் இல்லாமலிருக்கலாம். அந்தக் குறையோடு தொடர்புள்ள சி.எஃப்.டி.ஆர். மரபணுவுக்குக் கணவன் மனைவி இருவரும் சோதனை செய்ய வேண்டும்.

விதை சிறுத்து, எஃப்.எஸ்.ஹெச். ஏறியிருந்தால் உற்பத்தியில் கோளாறு. குரோமோசோம் சோதனையும் ஒய் குரோமோசோம் இழப்புச் சோதனையும் முன்னாடியே முடிய வேண்டும். ஒய் குரோமோசோமில் ஏ.இசட்.எஃப். என்னும் இடத்தின் ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லையென்றால் விதையைத் திறந்து தேடிப் பயனில்லை. சி மட்டும் இல்லையென்றால் கிடைக்க வாய்ப்புண்டு. மைக்ரோ டெசி என்னும் அந்த ஆபரேஷனில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அணு கிடைக்கிறது. கிடைத்ததை அன்றே உறைய வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மறுபடி கத்தி படாமல் இருக்கும்.

விந்தணு தானம் பெறுவதென்றால் 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான், இருவரின் எழுத்துச் சம்மதத்தோடு.

துத்தநாக மாத்திரை, பவுடர் எல்லாம் கவுண்டை ஏற்றுமா?
— வாசகர், களக்காடு

2020-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் தினம் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்தார்கள். குழந்தை பிறப்பு கூடவில்லை. வயிற்றுக் கோளாறுதான் கூடியது. அந்தப் பணத்தை அடுத்த பரிசோதனைக்கு வையுங்கள். பீடி, சிகரெட், குடி, புகையிலையை விடுங்கள். வாழைக்கு மருந்தடிக்கிறவர் என்றால் கையுறை, முகமூடி இல்லாமல் இறங்காதீர்கள்.

துபாயிலிருந்து 45 நாள் லீவில் வருகிறேன். அதற்குள் என்ன செய்யலாம்?
— வாசகர், ஏர்வாடி

புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே அங்கேயே விந்துப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். மனைவியின் மாதவிலக்கு நாளைக் கணக்குப் பார்த்து டிக்கெட் போடுங்கள். 28 நாள் சுழற்சி என்றால் 10 முதல் 16-ஆம் நாள் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தால் போதும். "சேர்த்து வைக்கிறேன்" என்று பத்து நாள் ஒதுங்கி இருப்பது ஓட்டத்தைக் குறைக்கும். சிகிச்சை நடுவில் திரும்ப வேண்டியிருந்தால், சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு, விந்தை உறைய வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.