மூன்று வங்கி இரண்டான கணக்கு: நகரி வாசகிக்குப் பதில்

கேள்வி: ஐயா, நகரியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 61. என் வீட்டுக்காரர் விசைத்தறி வைத்திருந்தார். தறிகளை விற்ற பணத்தை ஒரே இடத்தில் போடக்கூடாது என்று மூன்றாகப் பிரித்து என் பெயரில் டெபாசிட் போட்டார். அந்தக் கணக்குகளில் இப்போது இருப்பது: ஆந்திரா வங்கியில் 4 லட்சம், கார்ப்பரேஷன் வங்கியில் 3.5 லட்சம், சப்தகிரி கிராமீண வங்கியில் 4.5 லட்சம். இரண்டு வருடம் முன்பு அவர் தவறிவிட்டார். முதல் இரண்டு வங்கியும் யூனியன் வங்கி ஆகிவிட்டன. சப்தகிரியின் பெயர்ப்பலகையும் இப்போது மாறிவிட்டது. "மூன்றும் ஒரே வங்கிதான் அம்மா, எல்லாம் யூனியன் வங்கி" என்கிறான் மகன். பணத்தை எடுத்துத் தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு விடலாம் என்கிறாள் மருமகள். வங்கியிலிருந்து வரும் தகவல் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. எனக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். அவர் வாங்கிய ஆந்திரா வங்கி ஷேர் 400, லட்சுமி விலாஸ் வங்கி ஷேர் 200 டீமேட் கணக்கில் உள்ளன. அவற்றுக்கு மதிப்பு உண்டா? டெபாசிட்டை எடுத்துவிடட்டுமா?

பதில்: எடுக்க வேண்டாம் அம்மா. உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறான பாதிதான் உங்களுக்கு நல்ல செய்தி.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். 2020 ஏப்ரல் 1 அன்று பத்து அரசு வங்கிகள் நான்காகின. ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கிக்குள் போனது அந்த நாளில்தான். 2017-ல் 27 ஆக இருந்த அரசு வங்கிகள் இன்று 12. இப்படி இணையும்போது பழைய வங்கியின் கடன், சொத்து, டெபாசிட் எல்லாம் அப்படியே புது வங்கியின் பொறுப்பாகிவிடும். ரசீதில் பழைய பெயர் இருந்தாலும் பணம் கொடுக்க வேண்டியது யூனியன் வங்கி. டெபாசிட் போடும்போது ஒத்துக்கொண்ட வட்டி, அது முதிரும் நாள் வரை மாறாது. அதற்குப் பிறகு புதுப்பித்தால் புது வங்கியின் வட்டிதான். உங்களுடையவை 2020-க்கு முன் போட்டவை என்றால் இதற்குள் ஒரு முறையாவது தானாகவே புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் எந்தத் தேதிக்கு, எத்தனை சதவீதத்துக்குப் புதுப்பித்தார்கள் என்று கிளையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பழைய ரசீதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஆகவே இணைப்பால் பணம் போகவில்லை. மாறியது வேறொன்று. உங்கள் வீட்டுக்காரர் போட்டு வைத்த கணக்கு மாறிவிட்டது.

ஏன் மூன்றாகப் பிரித்தார்? வங்கி ஒன்று மூழ்கினால் டெபாசிட் காப்பீட்டுக் கழகம் ஓர் ஆளுக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை கொடுக்கும். இந்த வரம்பு 'ஒரு வங்கிக்கு' என்பதைக் கவனியுங்கள். ஒரு கிளைக்கோ ஒரு ரசீதுக்கோ அல்ல. ஆந்திரா வங்கிப் பணத்துக்குத் தனிக் காப்பு, கார்ப்பரேஷன் வங்கிப் பணத்துக்குத் தனிக் காப்பு என்று அவர் பிரித்தது நல்ல யோசனை. இப்போது இரண்டும் யூனியன் வங்கி என்பதால் 7.5 லட்சம் முழுதும் ஒரே 5 லட்சக் குடையின் கீழ் வந்துவிட்டது. 2.5 லட்சமும் அதன் மேல் ஏறும் வட்டியும் குடைக்கு வெளியே நிற்கின்றன. நீங்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் இது நடந்துவிட்டது.

இந்தக் காப்பீடு வந்த கதை நம் பக்கத்து மாநிலத்திலிருந்து தொடங்குகிறது. கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960-ல் விழுந்தபோது டெபாசிட் போட்டிருந்தவர்கள் தவித்துப்போனார்கள். அதன் பிறகுதான் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1962 ஜனவரி 1 முதல் அமலானது. அன்றைய வரம்பு 1,500 ரூபாய். படிப்படியாக ஏறி 1993-ல் 1 லட்சம் ஆனது. அதன் பிறகு 27 வருடம் அசையாமல் கிடந்து, 2020 பிப்ரவரியில்தான் 5 லட்சமானது. அடுத்தது எப்போது ஏறும் என்று காத்திருந்து முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக இரவெல்லாம் தூங்காமல் இருக்கவும் வேண்டாம். யூனியன் வங்கி மத்திய அரசின் வங்கி. அரசு வங்கி ஒன்றில் டெபாசிட் போட்டவர் பணத்தை இழந்தார் என்று நான் பார்த்ததில்லை. இது தீ பிடித்த வீடு இல்லை, கூரையில் இரண்டு ஓடு மாற்ற வேண்டிய வீடு.

இனி மகன் சொன்னதில் தவறான பாதி. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட சப்தகிரி கிராமீண வங்கிக்கு ஸ்பான்சராக இருந்தது இந்தியன் வங்கி. 'ஒரு மாநிலத்துக்கு ஒரு கிராமப்புற வங்கி' என்ற திட்டத்தில் 2025 மே 1 அன்று நாடு முழுவதும் 43 கிராமப்புற வங்கிகள் 28 ஆகின. அன்று ஆந்திராவில் இருந்த நான்கும் சேர்ந்து ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கி என்று ஒன்றாயின. அந்தப் புது வங்கிக்கு ஸ்பான்சர் யூனியன் வங்கி. மகன் குழம்பியது இங்கேதான், படித்தவர்களே குழம்புகிறார்கள். ஸ்பான்சர் வங்கி என்பது தாய்மாமன் மாதிரி. சீர் செய்வார், சபையில் முன்னால் நிற்பார். ஆனால் அவர் சொத்து வேறு, உங்கள் சொத்து வேறு. கிராமீண வங்கியில் மத்திய அரசுக்கு 50 சதவீதம், ஸ்பான்சர் வங்கிக்கு 35, மாநில அரசுக்கு 15 என்று பங்கு உண்டு. அது தனி வங்கி, அதற்கு 5 லட்சக் காப்பும் தனி. அதனால் உங்கள் மூன்று பானை இரண்டு பானை ஆகியிருக்கிறதே தவிர, ஒன்றாகவில்லை.

ஆனால் சப்தகிரி 4.5 லட்சத்தில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. வட்டியை எடுக்காமல் அசலோடு சேரும்படி போட்டிருந்தால், 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு வருடத்துக்குள் அது 5 லட்சத்தைத் தாண்டிவிடும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கைக்கு வரும்படி மாற்றிக் கேளுங்கள். அந்த வட்டி அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில் தேங்கினால் பயனில்லை, அதுவும் இதே 5 லட்சத்தில்தான் சேரும். எடுத்துச் செலவு செய்யுங்கள். அதற்குத்தானே சேர்த்தது.

ஷேர் பற்றிக் கேட்டீர்கள். ஆந்திரா வங்கியின் 1,000 பங்குக்கு யூனியன் வங்கியின் 325 பங்கு என்பது இணைப்புக் கணக்கு. 400-க்கு 130 வரும். அவை உங்கள் வீட்டுக்காரரின் டீமேட் கணக்கில் தானாகவே ஏறியிருக்க வேண்டும். உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். லட்சுமி விலாஸ் பங்குகள் போயின அம்மா. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கரூரில் 1926-ல் பிறந்த அந்த வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று அரசு தடை போட்டது. ஓர் ஆள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களின் முதல் முழுதும் பூஜ்ஜியமாக்கப்பட்டது. வங்கிக்குக் கடன் கொடுத்தவர் டெபாசிட்தாரர், வங்கியில் கூட்டாளி பங்குதாரர். கடை நொடித்தால் கடன் தந்தவருக்குக் கொடுத்த பிறகு மிஞ்சினால்தானே கூட்டாளிக்கு? அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. 'நலிந்த வங்கி இணையப்போகிறது, பங்கு ஏறும்' என்று மகனிடம் யாராவது சொன்னால் இந்த 200 பங்கை அவருக்குக் காட்டுங்கள்.

மருமகள் சொல்லும் இரண்டு வட்டிக்கு வருவோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். வங்கி தருவதைப் போல மூன்று பங்குக்கும் மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 12 லட்சத்தை வாங்கி அவ்வளவு வட்டி கட்டுகிறவருக்கு எந்த வங்கியும் ஏன் கடன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு மட்டும் பதில் கேட்டுப் பாருங்கள். உங்கள் கையில் இருக்கப்போவது ஒரு புரோநோட்டு. கடன் வாங்கியவரின் தொழில் நின்றால் உங்கள் வட்டியும் நிற்கும். அப்புறம் கேஸ், வக்கீல், வாய்தா. 5 லட்சத்துக்குக் காப்பு இருக்கும் வங்கியைப் பார்த்துப் பயந்து, ஒரு பைசாவுக்கும் காப்பு இல்லாத இடத்துக்குப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மருமகளைக் கோபிக்க வேண்டாம், அவர் வீட்டு நன்மைக்குத்தான் சொல்லியிருப்பார்.

முதிரும் முன் டெபாசிட்டை உடைப்பதிலும் நஷ்டம் உண்டு. பணம் வங்கியில் இருந்த காலத்துக்கு உரிய வட்டியில் வழக்கமாக அரையிலிருந்து ஒரு சதவீதம் வரை பிடித்துக்கொள்வார்கள். உதாரணத்துக்கு, 7.25 சதவீதத்துக்குப் போட்ட 3.5 லட்சத்தை இரண்டு வருடத்தில் உடைத்து, எல்லாம் போக 6 சதவீதம்தான் கிடைத்தது என்றால், ஏறத்தாழ 8,750 ரூபாய் நஷ்டம். காப்பு வரம்பைத் தாண்டிய கவலைக்காக அந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. காத்திருங்கள்.

கார்ப்பரேஷன் வங்கியின் 3.5 லட்சம் முதிரும் நாளில் அதைப் புதுப்பிக்காமல், தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு உரியது, ஐந்து வருடம். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். 3.5 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 7,175 ரூபாய் வரும். அது மத்திய அரசின் திட்டம், ஆகவே காப்பு வரம்பு என்ற பேச்சே இல்லை. யூனியன் வங்கியில் 4 லட்சமும் வட்டியும் மட்டும் மிஞ்சும்; அது 5 லட்சத்துக்குள் நிற்கும். உங்கள் வீட்டுக்காரர் நினைத்தபடி மறுபடி மூன்று பானை.

மகளோ மகனோ ஒருவரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காக வைத்தால் அதற்குத் தனி 5 லட்சக் காப்பு உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் யாரைச் சேர்ப்பது என்ற பஞ்சாயத்தை ஒரு நிதி ஆலோசகர் தீர்க்க முடியாது. தபால் நிலைய வழியில் அந்தத் தலைவலி இல்லை.

நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட அவசரமாகத் தெரிகிற ஒன்று இருக்கிறது. மூன்று டெபாசிட்டுக்கும் நாமினி யார்? பெரும்பாலும் உங்கள் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும். அவர் இல்லை. இப்படியே விட்டால் நாளை உங்கள் பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். டெபாசிட் முதிரும் வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே செய்யலாம். வங்கிகள் இணைந்து கணினிப் பதிவுகள் இடம் மாறியிருப்பதால், நாமினி பெயர் அச்சான புது ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

வரிப் பிடித்தம் பற்றி ஒரு வரி. இணைந்த வங்கிகளின் வட்டியை ஒன்றாகக் கூட்டித்தான் பார்ப்பார்கள். 7.5 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் 52,500 ரூபாய். 60 வயதுக்கு உட்பட்டவருக்கு வரம்பு 50,000 என்பதால் பிடித்தம் வந்திருக்கும். மூத்த குடிமகளான உங்களுக்கு 2025 ஏப்ரல் முதல் 1 லட்சம் வரை கிடையாது.

பழைய காசோலைப் புத்தகம் வீட்டில் கிடந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் கணக்கு வைத்திருந்த ஒரு வங்கி இப்படி இணைந்தபோது, பழைய புத்தகத்திலிருந்தே ஒரு காசோலையை வாடகைக்குக் கொடுத்தேன். திரும்பி வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறவர் என்று வீட்டு உரிமையாளர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. உங்களுக்கு எல்.ஐ.சி.யிலிருந்தோ வேறு எங்கிருந்தோ பணம் வருகிறது என்றால், அங்கே பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணை, அதாவது வங்கிக் கிளையின் அடையாள எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெலுங்கில் வரும் தகவலுக்குக் கூச்சப்பட வேண்டாம். நகரி கிளைகளில் தமிழ் பேசும் ஒருவராவது இருப்பார். கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்து மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று ரசீது, ஆதார், பான் அட்டை, வீட்டுக்காரரின் இறப்புச் சான்றிதழில் இரண்டு நகல், கூடவே டீமேட் கணக்கின் கடைசி அறிக்கை. அந்த 130 பங்கை மாற்ற இறப்புச் சான்றிதழ் நகல் வேண்டியிருக்கும், மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.