மூளையில் ரத்தக்கசிவு நின்ற பிறகும் வீக்கம் ஏன் கூடுகிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்பாவுக்கு பிரஷர் ஏறி மூளையில் ரத்தக்கசிவு. கசிவு நின்றுவிட்டதாம், ஆனால் மூன்றாம் நாள் ஸ்கேனில் வீக்கம் கூடியிருக்கிறது. ஸ்டீராய்டு போட்டால் வற்றாதா?

வியாசர்பாடியில் மழை விட்ட பிறகுதானே சேற்றோடு அவஸ்தை ஆரம்பம்? அதே கதைதான். ரத்தம் உறையும்போது உருவாகும் திராம்பின், மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் செல்களைச் சில மணி நேரத்திலேயே உசுப்பிவிடும். அவை அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் என்ற வேதிப்பொருட்களைச் சுரக்க, ரத்தக்குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் கசியும். நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்களும் உள்ளே நுழையும். அப்புறம் சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபினும் இரும்பும் வெளியேற, அந்த இரும்பே நரம்புச் செல்களுக்கு நஞ்சாகிறது. அதனால்தான் வீக்கம் பல நாட்கள் ஏறுகிறது.

சரி, காவல் செல்களின் இந்த எதிர்ப்பை ஸ்டீராய்டால் அடக்கிவிடலாமே? அங்கேதான் சிக்கல். உறைந்த ரத்தத்தை விழுங்கித் துப்புரவு செய்வதும் இதே மைக்ரோகிளியாவும், ரத்தத்திலிருந்து வரும் மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கு செல்களும்தான். தாய்லாந்தில் நடந்து 1987-இல் வெளியான ஆய்வில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உயிரிழப்பைக் குறைக்கவில்லை. தொற்று போன்ற சிக்கல்கள்தான் கூடின. ஆகவே வழக்கமாகக் கொடுப்பதில்லை.

இன்னொன்று: மூளையில் அழற்சி கொதிக்கும்போது உடலின் மற்ற பகுதிகளில் எதிர்ப்புச் சக்தி சரிந்துவிடும். புரையேறி உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா எளிதில் பிடிக்கும். விழுங்கும் திறனைச் சோதிக்கும் முன் பாசத்தில் கஞ்சி, இளநீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.