பாக்கி ஏற ஏற அட்வான்ஸ் கரையும்

வாசகர் கேள்வி – பதில்: வடசென்னையில் வாடகை வீடு

கேள்வி: மணலியில் ஒப்பந்த வேலை பார்த்தேன். ஆள் குறைத்தபோது என்னையும் நிறுத்திவிட்டார்கள். வாடகை 8,500 ரூபாய், அட்வான்ஸ் 50,000. இரண்டு மாதம் பாக்கி. "அட்வான்ஸில் கழிச்சுக்குங்க" என்றேன். வீட்டுக்காரர் மறுத்துவிட்டு, மாதக் கடைசிக்குள் காலி பண்ணு என்கிறார். இன்னும் மூன்று மாதம் இங்கேயே தள்ளிவிட்டால் வேலை கிடைத்துவிடும். தள்ளலாமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: தள்ள முடியும். ஆனால் தள்ளிய பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்று காலி செய்தால் 50,000-இல் பாக்கி 17,000 போக 33,000. பெயின்ட், கரன்ட் பாக்கி என்று 4,500 பிடித்தாலும் 28,500 கைக்கு வரும். 5,000 ரூபாய் வாடகையில் ஒரு வீடு பிடித்தால் மூன்று மாத அட்வான்ஸ் 15,000, முதல் மாத வாடகை 5,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 5,000, குட்டியானைக்கும் ஏற்றி இறக்கும் ஆளுக்கும் 2,500. ஆக 27,500. ஆயிரம் ரூபாய் மிச்சத்தில் கணக்கு முடிகிறது. இன்னும் ஒரே ஒரு மாதம் தள்ளினாலும் 8,500 குறையும், கணக்கு உதைக்கும். மூன்று மாதம் தள்ளினால் கைக்கு வருவது 3,000. அதை வைத்துக்கொண்டு வடசென்னையில் எந்தக் கதவும் திறக்காது. வேலை கிடைத்தாலும் முதல் சம்பளம் வர இன்னொரு மாதம் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை போனவருக்கு அட்வான்ஸ்தான் கடைசிச் சேமிப்பு. அதைத் தின்றுகொண்டே வேலை தேடுவதைவிட, அது முழுசாக இருக்கும்போதே சின்ன வீட்டுக்கு மாறிக்கொண்டு தேடுவது நல்லது.

சிக்கல் ஒன்று உண்டு. காலி செய்த பிறகுதான் அட்வான்ஸ் வரும், புது வீட்டுக்கோ முன்னாடியே கொடுக்க வேண்டும். பழைய வீட்டுக்காரரும் பெரும்பாலும் அடுத்து வருபவரிடம் வாங்கித்தான் உங்களுக்குக் கொடுப்பார். அதனால் இன்றே 'டூ லெட்' பலகை மாட்டச் சொல்லுங்கள். வீடு பார்க்க வருபவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள், வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள். புது ஆள் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே அந்தப் பணம் உங்களுக்கு வந்துவிட வேண்டும் என்று பேசி, எழுத்தில் வாங்குங்கள். நாலு வரி போதும்: "இன்ன தேதியில் வீட்டைக் காலி செய்கிறேன். அட்வான்ஸ் ரூ.50,000. வாடகை பாக்கி ரூ.17,000. மீதி ரூ.33,000-இல் டோக்கன் வரும் நாளில் ரூ.15,000, சாவி கொடுக்கும் நாளில் மிச்சம் தருவதாக இருவரும் ஒப்புக்கொள்கிறோம்." இருவர் கையெழுத்தும் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி அவர் "சரி" என்று பதில் போட்டாலும் ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

இனி சட்டம். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. ஆனால் இந்தச் சலுகை திரும்பத் திரும்பக் கிடைக்காது. எப்படியானாலும் வெளியேற்றும் உத்தரவு வாடகை நீதிமன்றத்திலிருந்துதான் வர வேண்டும். சாமானைத் தூக்கி வெளியே வைப்பது, பூட்டுப் போடுவது, ஃப்யூஸைப் பிடுங்குவது, மோட்டாரை நிறுத்துவது எதுவும் செல்லாது. தண்ணீரையோ கரன்டையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. இலவச சட்ட உதவிக்கு 15100. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: எழுத்துபூர்வ ஒப்பந்தமே இல்லாமல் குடியிருந்தால், அதையே காரணம் காட்டி வெளியேற்றம் கேட்க இதே சட்டத்தில் இடமிருக்கிறது.

பாக்கியை அடைக்கத் தண்டல் வாங்காதீர்கள். 10,000 என்று பேசி கையில் 8,500 கொடுப்பார்கள், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். தினக்கூலி வரும் வீட்டுக்கே அது மூச்சு முட்டும், வருமானம் நின்ற வீட்டில் பத்தாம் நாளே தவணை தவறிவிடும்.

அதற்கு முன் உங்கள் சொந்தப் பணம் எங்காவது கிடக்கிறதா பாருங்கள். சம்பளத்தில் பி.எஃப். பிடித்திருந்தால், வேலை இல்லாத நிலையில் இருப்பில் 75 சதவீதம் வரை எடுக்கலாம். பெரும்பாலும் விண்ணப்பம் சிக்கும் இடம், ஒப்பந்ததாரர் உங்கள் 'வெளியேறிய தேதி'யைப் பதியாமல் விட்டிருப்பதுதான். கடைசியாகப் பணம் செலுத்தி இரண்டு மாதம் ஆகிவிட்டால் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) கணக்கில் நுழைந்து நீங்களே பதியலாம். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும், இனிஷியல் முன்னால் பின்னால் இருந்தாலே திரும்பி வரும். இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்து வேலை இழந்தவருக்கு சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு, அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் தருகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறைதான். திட்டத்தை அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள் என்பதால், இப்போது நடப்பில் உள்ளதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் 'ஹவுசிங் போர்டு' வீடு ஒன்று 3 லட்சத்துக்கு லீசுக்கு வருகிறது என்கிறார் புரோக்கர். வாடகையே கிடையாது. நகையை விற்றுப் போடலாமா?
– வாசகி, சர்மா நகர்

பதில்: வேண்டாம். நகை நகையாகவே இருக்கட்டும்.

நம் பக்கத்தில் எல்லாரும் ஹவுசிங் போர்டு என்று சொல்லும் அடுக்குகளில் பெரும்பாலானவை குடிசை மாற்று வாரியத்துடையவை. 1970-இல் தொடங்கிய அந்த வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஒதுக்கீடு பெற்றவர் முழுப் பணத்தையும் கட்டி விற்பனைப் பத்திரம் வாங்கும்வரை வீடு வாரியத்தின் சொத்து. அதை அவர் வாடகைக்கோ லீசுக்கோ விட உரிமை இல்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒதுக்கீடு பெற்றவர் அல்லாத வேறொருவர் குடியிருப்பதைப் பார்த்தால் ஒதுக்கீடே ரத்தாகலாம். அப்போது உங்கள் 3 லட்சத்துக்கு வாரியம் பொறுப்பில்லை. பழைய அடுக்கை இடித்துக் கட்டுவதாக அறிவிப்பு வந்தாலும் இதே கதிதான்: இடைக்கால வாடகைக்கான 24,000 ரூபாயும் புது வீடும் ஒதுக்கீட்டுப் பட்டியலில் பெயர் உள்ளவருக்கே. உங்களுக்குக் கிடைப்பது காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்.

தனியார் வீட்டு லீஸ் வேறு. அங்கேயும் மூன்று பார்க்க வேண்டும். பணம் வாங்குபவர் பெயரில்தான் பத்திரமும் சொத்து வரி ரசீதும் இருக்கிறதா. வில்லங்கச் சான்றிதழில் வங்கி அடமானம் ஏதும் தெரிகிறதா. போக்கியப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய அவர் சம்மதிக்கிறாரா. நோட்டரி முத்திரை போட்ட தாள் அந்தப் பதிவுக்கு ஈடாகாது. உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸ் பணத்தை வாங்கிக்கொள்ளும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாடகை கட்டுவதை நிறுத்தும் மாதத்தில்தான் உண்மையான வீட்டுக்காரர் முகத்தையே நீங்கள் பார்ப்பீர்கள்.

வாரிய வீடு உங்கள் பெயரிலேயே வேண்டுமென்றால், குடும்பத்தில் யாருக்கும் சொந்த வீடு இருக்கக் கூடாது, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பயனாளி பங்கும் கட்ட வேண்டும். விண்ணப்பத்தை வாரிய அலுவலகத்திலோ திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனுநாளிலோ நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒதுக்கீடு வாங்கித் தருகிறேன் என்று ரொக்கம் கேட்பவருக்கு ஒரு டீகூட வாங்கித் தராதீர்கள்.

கேள்வி: மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் முடியாது. நான், மனைவி, ஒரு குழந்தை. என்ன மாதிரி வீடு கிடைக்கும், எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அந்த விலைக்குப் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்து ஸ்டோர் வீடுகளில் (ஒரே வளாகத்தில் பல குடித்தனங்கள்) ஓர் அறையும் சமையல் மறைப்பும், பொதுக் கழிப்பறையும் எதிர்பார்க்கலாம். அல்லது மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை. சித்திரை, வைகாசியில் ஷீட் அறையில் பகல் முழுக்கக் குழந்தையை வைத்திருக்க முடியாது, அதனால் பகல் 2 மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் பார்த்தால் எல்லா வீடும் குளுகுளு என்றுதான் இருக்கும்.

இணையத்தில் தேடினால் இந்த விலை வீடுகள் அதிகம் தட்டுப்படாது. கேட்டில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள், இல்லையென்றால் அயர்ன் கடைக்காரருக்கும் தண்ணீர் கேன் போடும் பையனுக்கும் தெரிந்திருக்கும். எந்தெந்த வீட்டில் இந்த வாரம் கேன் நின்றது என்று அவனுக்குத்தானே தெரியும்.

முதலில் மழை. நிறையத் தெருக்களில் ரோட்டை மேலே மேலே போட்டு வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. வாசற்படி ரோட்டுக்குக் கீழே இருக்கிறதா பாருங்கள். இரும்பு கேட்டின் அடியில் ஒரே மட்டத்தில் துருக்கோடு, பிளைவுட் கதவின் கீழ்ப்பகுதி உப்பி இதழ் இதழாகப் பிரிந்திருப்பது, சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் தண்ணீர் உள்ளே வந்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். "2023 டிசம்பர் புயலில் இங்க எவ்வளவு தண்ணி நின்னுது?" என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள். கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரங்களிலும், புளியந்தோப்பு, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கமும் தரைத்தள வீட்டை 500 ரூபாய் குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள். ஒரு மழையில் மெத்தையும் பிரிட்ஜும் போனால் அந்த 500 இரண்டு வருடத்துக்கும் ஈடுகட்டாது.

அடுத்து தண்ணீர். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு. குழாய் வாயில் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக ஒட்டுவது அடையாளம். மெட்ரோ தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, குடித்தனத்துக்கு எத்தனை குடம் என்று ஏற்கெனவே அங்கே இருக்கும் பெண்களிடம் கேளுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு கேன் 35 ரூபாய் என்றால் மாதம் 525, அதையும் வாடகையாகவே எண்ணுங்கள்.

கரன்டில்தான் பலர் ஏமாறுவது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், ஆனால் அது இணைப்புக்கு, குடித்தனத்துக்கு அல்ல. நாலு போர்ஷனுக்கு ஒரே மீட்டர் இருந்தால் கூட்டிப் பார்க்கும்போது 500 யூனிட்டைச் சுலபமாகத் தாண்டும், தாண்டினால் கட்டண விகிதமே வேறு. அதனால்தான் வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்குகிறார். தனி இணைப்புள்ள வீடு 300 ரூபாய் அதிகமானாலும் லாபமாக இருக்கலாம். சப்-மீட்டர்தான் என்றால் குடிபோகும் அன்றே ரீடிங்கைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

வேலை ஒரே இடத்தில் இல்லை என்றால் மீஞ்சூர், பொன்னேரி வரை பாருங்கள். மீஞ்சூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வரலாம், சீசன் டிக்கெட் மலிவு. ஆனால் விடியற்காலை ஷிப்டும் இரவு ஷிப்டும் பார்ப்பவருக்கு இது ஒத்துவராது.

கேள்வி: வீட்டுக்காரர் அக்ரிமென்ட் போட மாட்டேன் என்கிறார். அது இல்லாமல் ரேஷன் கார்டில் விலாசம் மாற்ற முடியவில்லை.
– வாசகி, எர்ணாவூர்

பதில்: வருமான வரி, சொத்து வரி ஏறிவிடும் என்ற பயத்தில்தான் பலர் மறுக்கிறார்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் அவர் பக்கமும் பலவீனம்தான் என்பதை மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். 11 மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் போட்டு, அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிப் பதிவு எண் வாங்கலாம். அதுவரை வாடகையை ரொக்கமாகத் தராமல் ஜிபேயில் அனுப்பி, "ஏப்ரல் வாடகை" என்று குறிப்பு போடுங்கள். ரசீது கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: காலி செய்து இரண்டு மாதமாகிறது. பெயின்டுக்கு 12,000 பிடிப்பேன் என்கிறார். ஓர் அறை, ஒரு சமையலறை.
– வாசகர், எம்.கே.பி. நகர்

பதில்: அட்வான்ஸை, நியாயமான பிடித்தம் போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். பெயின்ட் பில்லும் கூலி விவரமும் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் 'ஒரு மாத வாடகை பிடித்தம்' என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்கு மேல் எதற்கு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட், அதன்பின் வாடகை நீதிமன்றம்.

கேள்வி: திருவொற்றியூரில் வீடு அமைந்துவிட்டது. ஆடியில் வந்தால் மாதம் 500 குறைக்கிறேன் என்கிறார் வீட்டுக்காரர். ஆடியில் குடிபோகவே கூடாது என்கிறார் அம்மா.
– வாசகி, காசிமேடு

பதில்: ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால்தான் குறைக்கிறார். காலியாகக் கிடந்தால் அவருக்கு ஒரு மாத வாடகை நஷ்டம். அம்மாவுக்காக ஆனி கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்துப் பாலைக் காய்ச்சிவிட்டு, சாமான்களைப் பிறகு மெல்ல ஏற்றிக்கொள்ளுங்கள், பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. அந்தச் சில நாளுக்கு வாடகை வேண்டாம் என்றும் கேட்டுப் பாருங்கள். 500 குறைவு 11 மாதத்துக்கும் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் ஆவணி பிறந்ததும் பழைய வாடகையைக் கேட்பார்.